போக்குவரவு: இரண்டு பேரேடுகள் ஒத்துப்போவது எப்படி?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

கிரயம் பேசி, பத்திரம் எழுதி, சார்பதிவாளர் முன்னிலையில் கையொப்பமிட்டு, பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டால் நிலம் முழுவதும் நம்முடையதாகிவிட்டது என்று நம்மில் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். பத்திரம் பெட்டிக்குள் போய்விடுகிறது. பயிர் வளர்கிறது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் மாறிமாறி வருகின்றன. ஏதேனும் ஓர் இடர் நேரும் நாளில்தான் உண்மை நிலை வெளிப்படுகிறது.

முன்பு நான் பணியாற்றிய வட்டாரம் ஒன்றில் நடந்ததை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். ஒரு விவசாயி எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நிலத்தில் வாழை பயிரிட்டிருந்தார். காற்றில் தோட்டம் முழுவதும் சாய்ந்துவிட்டது. நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்நிலத்திற்கு நேரே, விற்றவரின் பெயர் இருந்தது. அவரோ காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. விவசாயி பத்திரத்தை விரித்துக் காட்டினார்; அது சரியான பத்திரம். பட்டாவையும் பார்த்தோம், அதுவும் முறைப்படி எழுதப்பட்டதே. பத்திரமும் பொய்யன்று, பட்டாவும் பொய்யன்று. ஒரு புத்தகத்தில் ஏற்பட்ட மாற்றம் மற்றொரு புத்தகத்திற்குச் சென்று சேரவில்லை, குறை அவ்வளவே. ஆனால் அந்தக் குறைக்கு விலை கொடுத்தவர் அவ்விவசாயி.

2017-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஒக்கி புயல் நமது மாவட்டத்தின் வாழைத் தோட்டங்களையும் ரப்பர் தோட்டங்களையும் வீழ்த்தியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய காலங்களில் அரசின் உதவி நில ஆவணங்களின் வழியாகவே உரியவரை நாடி வருகிறது. ஆகவே, "இப்போது எல்லாம் கணினியில் ஏறிவிட்டதே, பிறகு ஏன் ஒன்றோடொன்று பொருந்தவில்லை?" என்று கிராம மக்கள் கேட்கும் கேள்வி மிகவும் நியாயமானது. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு புத்தகங்கள் எதற்காக?

ஒரே நிலத்தைப் பற்றி இரண்டு இலாகாக்கள் இரண்டு கணக்குகள் வைத்திருக்கின்றன. பத்திரப் பதிவு இலாகா 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, இன்னார் இன்னாருக்கு இந்த நிலத்தை விற்றார், அடமானம் வைத்தார், தானம் கொடுத்தார் என்ற நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி வைக்கிறது. வில்லங்கச் சான்று இதிலிருந்து கிடைப்பது. வருவாய் இலாகாவோ, இன்று இந்த நிலம் யார் பெயரில் உள்ளது, அதன் பரப்பு என்ன, அது நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்ற நிலையை எழுதி வைக்கிறது. பட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம் ஆகியவை இதைச் சார்ந்தவை.

முன்னது நடந்தவற்றைச் சொல்வது. பின்னது இன்றுள்ள நிலையைச் சொல்வது. இரண்டிற்கும் வேலை வேறு, சட்டம் வேறு, பொறுப்பாளரும் வேறு. ஆகவே ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்வது எளிதன்று. இரண்டும் இருக்கவே செய்யும். அவற்றை ஒத்துப்போகச் செய்வதே நமக்குள்ள வேலை.

பழைய முறை

இந்த வேலை நமக்குப் புதிதன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி நமது மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சியில், யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்ற கணக்கு தண்டப்பேர் என்ற பேரேட்டில் இருந்தது. நிலம் கைமாறினால் ஒருவர் பெயரில் கழித்து மற்றவர் பெயரில் சேர்ப்பார்கள். இதற்குப் போக்குவரவு என்று பெயர். ஒருவரிடமிருந்து போக்கு, மற்றவருக்கு வரவு. இவ்விரண்டும் ஒருங்கே நடந்தால்தான் கணக்கு சரியாகும் என்ற உண்மை அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. போக்கை எழுதி வரவை எழுதாவிட்டால் நிலம் எவருக்கும் இல்லாமற் போகும். வரவை எழுதிப் போக்கை எழுதாவிட்டால் ஒரே நிலத்திற்கு இருவர் சொந்தக்காரர் ஆவார்கள்.

அக்காலத்துப் பார்வத்தியக்காரர் கையால் செய்த அவ்வேலையை இன்று கணினி நிரல் ஒன்று செய்கிறது. கருவி மாறியிருக்கிறது, கணக்கின் நியாயம் மாறவில்லை.

கணினியில் பேரேடு

கணினியில் உள்ள பேரேட்டிற்குத் தரவுத்தளம் என்று பெயர். அதில் மிகுதியும் வழங்குவது உறவுநிலைத் தரவுத்தளம் என்ற வகை. 1970-இல் எட்கர் காட் என்ற அறிஞர் இதற்கான கோட்பாட்டை வெளியிட்டார். அதன் அமைப்பு நமது அடங்கலைப் போன்றதே. மேலே தலைப்புகள், கீழே வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு நிலத்தைக் குறிக்கும்; ஒவ்வொரு கட்டமும் அந்நிலத்தைப் பற்றிய ஒரு செய்தியைக் குறிக்கும்.

எந்த வரிசை எந்த நிலத்திற்கு உரியது என்று ஐயமின்றி அறிய ஓர் அடையாளம் வேண்டும். அதை முதன்மைத் திறவுகோல் என்பர். பட்டியல்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்வது இதனால்தான். கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகிய மூன்றும் சேர்ந்து நம் நிலத்திற்குத் திறவுகோலாக அமைகின்றன.

இத்தகைய தரவுத்தளத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சேர்ந்து நடக்க வேண்டிய பல மாற்றங்களை ஒரே கட்டாகக் கொடுத்தால், அவை அனைத்தையும் செய்து முடிக்கும்; இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் அனைத்தையும் விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அரைகுறையாக நிற்காது. இதைப் பரிவர்த்தனை என்று கூறுவர். போக்கும் வரவும் ஒருசேர நடப்பதற்கு இது உறுதி அளிக்கிறது. ஆனால் அந்த உறுதி ஒரே தரவுத்தளத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நம் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

நடுவில் நிற்கும் நிரல்

பதிவு இலாகாவின் கணக்கு ஸ்டார் என்ற கணினி அமைப்பில் உள்ளது. அதன் இரண்டாம் பதிப்பு 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வருவாய் இலாகாவின் கணக்கு, தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய தமிழ் நிலம் என்ற அமைப்பில் உள்ளது. கிரயம் பதிவானதும் பட்டா மாறுதலுக்கான விண்ணப்பம் முன்னதிலிருந்து பின்னதற்கு இணைய வழியே செல்கிறது. உட்பிரிவு தேவையில்லாத நிலமாக இருந்து, விற்றவரின் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒத்திருந்தால், பட்டா தானாகவே மாறும் வழியும் ஏற்பட்டிருக்கிறது. நிலத்தின் ஒரு பகுதி மட்டும் விற்கப்பட்டால், நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்த பின்னரே பட்டா மாறும்.

இரு பேரேடுகளுக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் இத்தகைய நிரலை, இரண்டு அலுவலகங்களுக்கு இடையே தபால் கொண்டு செல்லும் ஊழியராக எண்ணிப் பார்க்கலாம். அவர் நேர்மையானவர், களைப்பறியாதவர். ஆனால் சொன்னதை மட்டுமே செய்பவர். சொந்தமாக விசாரித்து அறியும் ஆற்றல் இல்லாதவர். அவருக்கு எந்தெந்த இடங்களில் இடறல் நேரும் என்பதையும், அதைத் தடுக்க நிரல் எழுதுவோர் கையாளும் பொதுவான முறைகளையும் இனிக் காண்போம்.

இடறல் நேரும் இடங்கள்

முதலாவது, பாதி வேலை. முதல் பேரேட்டில் எழுதியாயிற்று. இரண்டாவதில் எழுதப் போகும்போது இணைப்பு அறுந்துவிட்டது. முதல் பேரேடு மாறிவிட்டது, இரண்டாவது மாறவில்லை. இரண்டையும் ஒருசேரப் பூட்டி வைத்து எழுதும் முறை ஒன்று உண்டு. ஆனால் ஓர் அலுவலகத்துக் கணினி நின்றால் மற்றதும் காத்து நிற்க வேண்டும். ஆகவே வேறொரு வழி பெரிதும் விரும்பப்படுகிறது. முதல் தரவுத்தளத்திலேயே 'அனுப்ப வேண்டியவை' என்று தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்வார்கள். கிரயத்தை எழுதும் அதே பரிவர்த்தனையில் இப்பட்டியலிலும் ஒரு வரி எழுதப்படும். இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதால் ஒன்று நடந்து மற்றொன்று நடவாமற் போகாது. பின்னர் நிரல் அப்பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வந்த பிறகே 'அனுப்பப்பட்டது' என்று குறிக்கும். இணைப்பு இல்லாவிட்டால் அந்த வரி அப்படியே காத்திருக்கும், தொலைந்து போகாது. அலுவலகங்களில் தபால் புத்தகத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கமே இது.

இரண்டாவது, ஒரே செய்தி இருமுறை சேர்வது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, ஒப்புகை திரும்பும் வழியில் அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். சேரவில்லை என்று எண்ணி ஊழியர் மறுபடியும் கொண்டு செல்வார். பெறுபவர் கவனியாமல் எழுதிக்கொண்டால், 30 சென்ட் கழிக்க வேண்டிய இடத்தில் 60 சென்ட் கழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுத்து, பெறும் பக்கத்தில் 'இந்த எண் முன்பே வந்ததா?' என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். மேலும், '30 சென்ட் கழிக்க' என்று எழுதுவதைவிட 'மீதி 70 சென்ட்' என்று முடிவு நிலையை எழுதுவது நலம். அதை எத்தனை முறை எழுதினாலும் கணக்கு கெடாது.

மூன்றாவது, வரிசை மாறுவது. முதலில் முருகன் வேலனுக்கு விற்றார். அடுத்த மாதம் வேலன் கண்ணனுக்கு விற்றார். இரண்டாவது செய்தி முந்திச் சென்றால், வேலன் பெயரில் நிலமே இல்லையே என்று அது திருப்பப்படும். இல்லையேல், பிந்தி வந்த பழைய செய்தி கண்ணனின் பெயரை அழித்து வேலனின் பெயரை எழுதிவிடும். ஒவ்வொரு நிலத்தின் மாற்றங்களுக்கும் வரிசை எண் இட்டு, அவ்வரிசையிலேயே எழுதுவது இதற்குப் பரிகாரம்.

நான்காவது, திறவுகோல் பொருந்தாமை. நமது மாவட்டத்தில் இதுவே பெருந்தொல்லை எனலாம். பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால்தான் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். பட்டாவில் மறு சர்வே எண் இருக்கும். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களிலிருந்து திருவட்டாறு, கிள்ளியூர் தாலுகாக்கள் பிரிந்தபோது, நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முகவரி மட்டும் மாறியது. பெயர்களிலும் இவ்வாறே: ஒரு புத்தகத்தில் மகாதேவன், மற்றொன்றில் மாதேவன். ஊராருக்கு இருவரும் ஒருவரே. நிரலுக்கோ இருவரும் வேறு மனிதர்கள். இதனால்தான் மாறக்கூடிய பெயரையும் ஊரையும் நம்பாமல், மாறாத ஓர் எண்ணைத் திறவுகோலாகக் கொள்ள வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு மனைக்கும் வயலுக்கும் பதினான்கு இலக்கங்கள் கொண்ட தனி அடையாளம் அளிக்கும் 'பூ ஆதார்' திட்டத்தை 2021-இல் மத்திய அரசு தொடங்கியதற்கும் இதுவே காரணம்.

ஐந்தாவது, அளவைகளின் வேறுபாடு. பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். 50 சென்ட் என்பது 20.23 ஏர்ஸ். அதை 20 ஏர்ஸ் என்று முழுமையாக்கி எழுதினால் 23 சதுர மீட்டர், அதாவது அரை சென்டுக்கு மேல், ஏட்டில் மறைந்துவிடுகிறது. பின்னர் ஒரு நாள் 'பத்திரத்தில் உள்ள பரப்பு பட்டாவில் இல்லை' என்று நிரல் விண்ணப்பத்தைத் திருப்பும். எந்த அளவையில் எழுதுவது, எத்தனை தசம இடங்கள் வரை கொள்வது, எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வது என்பவற்றை முன்கூட்டியே தீர்மானிக்காத நிரல் வழக்குகளை வளர்க்கும்.

ஆறாவது, இரு பக்கமும் திருத்துவது. ஒரே செய்தியை இரு அலுவலகங்களும் தத்தம் புத்தகத்தில் திருத்தினால் எது செல்லும்? கடைசியாக எழுதியதே செல்லும் என்று விட்டுவிட்டால், சரியான திருத்தத்தை, அறியாமல் செய்த திருத்தம் அழித்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தாய்ப் புத்தகம் வேண்டும். கிரயம் நடந்த நாளும், விற்றவர் வாங்கியவர் பெயரும் பதிவுப் புத்தகத்திற்கு உரியவை. பரப்பும் உட்பிரிவும் வருவாய்ப் புத்தகத்திற்கு உரியவை. தாய்ப் புத்தகத்தில் மட்டுமே திருத்த வேண்டும். மற்றது அதன் படியாகவே இருக்க வேண்டும்.

ஏழாவது, அழிப்பது. 'நேற்றுக்குப் பிறகு மாறியவற்றைக் கொடு' என்று நிரல் கேட்டால் மாறிய வரிகள் கிடைக்கும். அடியோடு அழிக்கப்பட்ட வரி எப்படிக் கிடைக்கும்? அது அங்கே இல்லையே! ஆகவே ரத்தான பத்திரத்தையும் அழிக்காமல் 'ரத்து' என்று குறித்து வைக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் சுரண்டி அழிக்காதே, கோடிட்டுத் திருத்து என்று நம் முன்னோர் விதித்த விதி கணினிக்கும் பொருந்தும்.

கணினிக்கும் ஜமாபந்தி வேண்டும்

இவ்வளவு முறைகளையும் கையாண்டாலும், நாளடைவில் இரு பேரேடுகளுக்கும் இடையே சிறு சிறு வேறுபாடுகள் முளைக்கவே செய்யும். அவற்றைத் தேடிப் பிடிக்க ஒரு முறை வேண்டும். பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடியும். அதையொட்டித் தாலுகாதோறும் ஜமாபந்தி நடைபெறுவதை நாம் அறிவோம். கிராமக் கணக்குகள் அனைத்தையும் மேசைமேல் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தணிக்கை செய்வதே அதன் உட்பொருள்.

நிரலுக்கும் இத்தகைய ஜமாபந்தி வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை போதாது, இரவுதோறும் வேண்டும். அனுப்பியவை எத்தனை, சேர்ந்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். கிராமத்தின் உட்பிரிவுகள் அனைத்தின் பரப்பையும் கூட்டினால் அ-பதிவேட்டின் மொத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அந்த நிலத்தைத் தனியே எடுத்து ஒரு மனிதரின் பார்வைக்கு வைக்க வேண்டும். ஐயமுள்ளவற்றை நிரல் தானே தீர்மானித்து எழுதிவிடுவது கூடாது. நிலத்தகராறு நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டுகளை விழுங்கும் என்பதை நாஞ்சில் நாட்டாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

இவற்றையெல்லாம் அறிந்து விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மிகுந்த பயன் உண்டு. ஊழியர் எங்கே இடறுவார் என்று தெரிந்தால், அந்த இடத்தில் விளக்குப் பிடிக்கலாம் அல்லவா?

நிலம் வாங்குமுன் பட்டாவை இணையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ எடுத்துப் பாருங்கள். பட்டாவில் உள்ள பெயர் விற்பவரின் பெயர்தானா, எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா, மறு சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் பத்திர நகலில் சரியாக உள்ளனவா என்று கவனியுங்கள். திருத்தம் வேண்டுமானால் பதிவுக்கு முன் செய்வது எளிது. பின் செய்வது கடினம்.

பதிவு முடிந்தவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் சென்றதா என்று கேட்டு, அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து அந்த எண்ணைக் கொண்டு நிலையைப் பாருங்கள். புதிய பட்டாவைக் கையில் எடுக்கும் வரை வேலை முடியவில்லை என்று எண்ணுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. தந்தை காலமானால் பட்டா தானாக மாறாது. ஏனெனில் அங்கே கிரயப் பத்திரம் எதுவும் பதிவாகவில்லை. கொண்டு செல்ல ஊழியரிடம் செய்தியே இல்லை. முதல் புத்தகத்தில் எழுதப்படாததை எந்த நிரலும் இரண்டாம் புத்தகத்தில் எழுத முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு வாரிசுகளே விண்ணப்பிக்க வேண்டும். பாட்டனார் பெயரில் இன்றும் பட்டா இருக்கும் குடும்பங்கள் நம் கிராமங்களில் குறைவல்ல. 2019-இல் தொடங்கி ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வழங்கும் பிரதமரின் விவசாயிகள் நிதியுதவித் திட்டமாயினும், விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் திட்டமாயினும், நில ஆவணத்தில் உள்ள பெயரையே அடிப்படையாகக் கொள்கின்றன. தாய்ப் புத்தகத்தில் உள்ள பழைய பெயர், அதிலிருந்து கிளைக்கும் எல்லாப் புத்தகங்களிலும் பழையதாகவே இருக்கும்.

பஞ்சாயத்துகளில் பணியாற்றியோரும் பணியாற்றுவோரும் செய்யக்கூடிய தொண்டு ஒன்று உண்டு. இறந்தவர் பெயரில் உள்ள பட்டாக்கள் எவை என்பதைத் தம் வார்டில் விசாரித்து ஒரு பட்டியல் தயாரித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுக்கலாம். கிராம சபையில் நினைவூட்டலாம். ஜமாபந்தி நாளில் உரியவர்களை மனுவோடு அழைத்துச் செல்லலாம். வீட்டு வரிக் கணக்கிலும் இவ்வாறே பழைய பெயர்களைத் திருத்தச் செய்யலாம். கணினிக்குத் தெரியாத ஒன்று, மகாதேவனும் மாதேவனும் ஒருவரே என்பது, வார்டு உறுப்பினருக்குத் தெரியும். அந்த அறிவைப் புத்தகத்தில் ஏற்றுவது சிறந்த பொதுப்பணி.

வாழை சாய்ந்த அவ்விவசாயி பின்னர் மனுச் செய்து தம் பெயரில் பட்டா பெற்றார்; ஆனால் அந்த ஆண்டின் நிவாரணம் அவருக்குக் கிட்டவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் செலவிட்டுப் பட்டாவைப் பார்த்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது. போக்கு ஒரு புத்தகத்திலும் வரவு மற்றொரு புத்தகத்திலும் இருக்கும் வரை, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று நிலத்துக்குரியவரும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். இந்தப் பசலி முடிவதற்குள் நம் ஒவ்வொருவர் பட்டாவையும் ஒரு முறை எடுத்துப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போமாக.